எண்பதுக்கு மேல்

ஆரல்வாய்மொழிக் கணவாய்.
ஜீப்புக்குப் பின்னால் இழுத்துவந்த கேரவனை
பங்சர் கடை ஓரமாய் நிறுத்தினோம்.
ஜூன் காற்று
கதவைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது.

திரும்பின பக்கமெல்லாம் காற்றாலை.
எங்கள் கட்டில், அடுப்பு, வாளி வைக்கும் மூலை,
எல்லாம் சேர்த்தாலும்
ஒரு இறக்கையின் கால்வாசி வராது.
சுற்றுகின்றன.
அதில் ஒரு யூனிட் நேராக எங்களுக்கு இறங்காது.

கட்டிலுக்கு அடியில் இரண்டு பேட்டரி,
இருநூறு இருநூறு,
ஒவ்வொன்றும் ஒரு சிமெண்ட் மூட்டையைவிடக் கனம்.
கூரையில் சோலார் பலகை.
மேற்கே மேகம் இறங்கிய நாளிலிருந்து
அதுவும் வெறும் கூரை.

மூன்று நாளாய் எண்பதிலேயே கழற்றிவிட்டோம்.
தேங்காய்ப்பட்டணத்தில் மழை.
முட்டத்தில் லாட்ஜ்காரருக்கு அவசரம்.
குளச்சலில் எங்களுக்கே.
நிறையாமல் விட்டால் தகட்டில்
வெள்ளையாய் உப்புப் படியும் என்று
தக்கலை மெக்கானிக் ரசலையன் சொல்லியிருந்தான்.
புத்தளம் உப்பளத்தைக் கடந்தபோது
நான் அதைத்தான் நினைத்தேன்.
வேதமணி நாரை எண்ணிக்கொண்டிருந்தார்.

மூன்று இரவாய்
விடியற்காலை மூன்றுக்கு இயந்திரம் நின்றது.
மூக்கில் மாட்டும் கவசம், ஒரு குழாய்,
தூக்கத்தில் அவர் மறந்துபோகும் மூச்சை
ஞாபகப்படுத்தும் சின்னப் பெட்டி.
அது நின்றால் நான் விழிப்பேன்.
அவர் விழிப்பதில்லை.
ஒரு குறட்டை. பிறகு ஒன்றுமில்லை.
எண்ணுவேன்.
பதினெட்டு, பத்தொன்பது.
இருபத்தொன்றில் விலாவில் இடிப்பேன்.
காலையில் "நல்ல தூக்கம்" என்பார்.

கம்ப்ரசரைக் கழற்றிவிட்டு
பதினைந்து ஆம்பியர் பிளக்கைத் தந்தாள் தங்கபாய்.
"மணிக்கு முப்பது ரூவா. கேட்டியளா?"

மத்தியானம் ஒன்றுக்குச் செருகினோம்.
நாற்பது ஆம்பியர்,
மடமடவென்று குடித்தது.
ஆறு மணிக்குள் எண்பது.
அப்புறம்தான்
இருபத்தெட்டு. பத்தொன்பது. பதினொன்று.
வோல்ட் பதினான்கரைக்குப் பக்கத்தில் ஏறி நின்றுகொண்டது.
ஒயர் அதேதான், பிளக் அதேதான்,
உள்ளே போவது மட்டும் குறைந்துகொண்டே வந்தது.
வாயு போக ஜன்னலைத் திறந்துவைத்தேன்.
கட்டிலுக்கடியில் கஞ்சி கொதிக்கிறமாதிரி
மெல்லச் சத்தம்.

ஒன்பதுக்கு ஷட்டரை இறக்க வந்தாள்.
ஏழரை ஆம்பியர்.
"எண்பது ஆச்சுன்னு அப்பவே சொன்னியளே.
இனியும் என்னத்துக்கு?"

"போதும், கழற்றிடலாம்" என்றார் வேதமணி.

அப்போது சொன்னேன்.
பழைய டியூப்கள் தொங்கும் சுவருக்குக் கீழே,
தங்கபாயிடம் சொல்வதுபோல் அவரிடம்:
மூன்று மணி, இருபத்தொன்று, விலா.
அவர் சட்டையை விலக்கி
அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.
கண்டிப்போயிருந்ததை
கொக்கியில் இடித்துக்கொண்டது என்று
நினைத்திருந்தாராம்.

தங்கபாய் ஒன்றும் பேசவில்லை.
டயர் துண்டு ஒன்றை வெட்டி
ஷட்டர் விளிம்பு ஒயரை நறுக்காதபடி
அடியில் கொடுத்து, இறக்கிப் பூட்டினாள்.
"பைய நெறையட்டு."

பன்னிரண்டரைக்கு நாலு ஆம்பியர்.
அதற்குக் கீழே இறங்க மனசில்லாமல் அங்கேயே நின்றது.
டார்ச் அவர் கையில், ஹைட்ரோமீட்டர் என் கையில்.
மூடி மூடியாய்த் திறந்தோம்.
ஆயிரத்து இருநூற்று நாற்பது. நாற்பது. நாற்பத்தைந்து.
இரண்டாவது பேட்டரியின் ஐந்தாம் அறை மட்டும்
பதினைந்தில் நின்றது.
ஒருதரம் ஆட்டிவிட்டுப் பார்த்தோம்.
பதினைந்தேதான்.

மூன்றுக்கு நான் விழித்தேன், பழக்கம்.
பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.
கவசத்துக்கு மேலே அவர் கண் திறந்திருந்தது.
"தூங்கு" என்றார்,
குழாய்க்குள்ளிருந்து, எங்கோ கிணற்றிலிருந்துபோல.
வெளியே சிவப்பு விளக்குகள்
ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் அணைந்து எரிந்தன.

காலையில் எட்டு மணி நேரத்துக்கு
இருநூற்று நாற்பது வாங்கினாள்.
ராத்திரிக்கு?
"ராத்திரி அடிச்சது காத்துல்லா" என்று
மலைப்பக்கம் கையைக் காட்டினாள்.

ஐந்தாம் அறையைப் பற்றி
ரசலையனுக்குப் போன் போட வேண்டும்.
வள்ளியூர் தாண்டும்வரை
இரண்டு பேருமே போடவில்லை.